பூநாரை கண்டதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்

கடற்கரை வீதி,
கல்முனைக்குடி.
06.09.1979, வியாழக்கிழமை.

கண்ணியத்துக்குரிய மச்சான் அல்ஹாஜ் அச்சிமுகம்மது அவர்களின் சமுகத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் நானும் தங்கள் தங்கச்சி சுஹறாவும் அல்லாஹ்வின் கிருபையால் உண்டு, தொழுது, மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். அவ்விடம் பதுளைக் குளிரில் தங்கள் முழங்கால் வலி, கடை வியாபாரம் ஆகிய இரண்டில் ஒன்று குறையவும் மற்றது கூடவும் வல்ல நாயனை இறைஞ்சுகிறேன். எது குறைய வேண்டும், எது கூட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

தாங்கள் ஒன்றாம் திகதி எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. நாளை வெள்ளிக்கிழமை லொறி ஓட்டி வரும் பளீலின் கையில் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தனுப்ப வேண்டும், ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் எழுந்து நின்று சபைக்கு மன்னிப்புச் சொல்ல வேண்டும், இனிமேல் கடற்கரைப் பக்கம் தலை காட்டக் கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறீர்கள். "என் வாப்பா கட்டின வீட்டில் இருந்துகொண்டு என் தங்கச்சியைத் தலைகுனிய வைக்கலாமா?" என்றும் சிவப்பு மையில் கேட்டிருக்கிறீர்கள். மச்சான், தங்கள் வயதுக்கும் தாங்கள் செய்த ஹஜ்ஜுக்கும் மரியாதை வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாக எழுதுகிறேன். மாட்டேன். அதையும் நீல மையில்தான் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குக் கோபமில்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தச் சாமானை ஊருக்குள் கொண்டுவந்தது யார்? போன வருஷம் தாங்கள் மக்கத்திலிருந்து வந்தபோது சொந்தக்காரருக்கெல்லாம் தஸ்பீஹ், பேரீச்சம்பழம், போத்தலில் ஸம்ஸம் தண்ணீர் என்று கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு மட்டும் அந்தக் கறுத்த தோல் பெட்டியை அனுப்பி வைத்தீர்கள். ஜித்தாவில் வாங்கிய யப்பான் சாமான். நான் பென்சன் எடுத்த வருஷம் அது. ஆகவே அது எனக்குத்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. தந்ததைத் திருப்பிக் கேட்கிறதென்றால், ஸம்ஸம் தண்ணீர் குடித்தவர்களிடமும் கேட்பீர்களா?

நான் முப்பத்திரண்டு வருஷம் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்தவன் என்பது தாங்கள் அறிந்தது. நாவிதன்வெளி வாய்க்காலில் எந்த மதகை எப்போது திறந்தாலும் மேலே உள்ளவன் குறைஞ்சு போச்சு என்பான், கீழே உள்ளவன் வந்து சேரல்ல என்பான். நான் பார்த்த தண்ணீரில் ஒரு சொட்டுக்குக்கூட மனு இல்லாமல் இருந்ததில்லை. சோற்றில் கை வைத்தால் வாசல் படலையில் ஆள் நிற்கும். அப்படிப்பட்ட எனக்கு அறுபதாவது வயதில் ஒரு காலை நேரம், கரைவலைத் தோணி கவிழ்ந்து கிடக்கிற இடத்தில் குந்திக்கொண்டு பைனாகுலரைக் கண்ணில் வைத்தபோது, அலை நுரைக்குப் பின்னால் ஓடி ஓடிப் பூச்சி பொறுக்குகிற ஒரு சின்ன உள்ளான் குருவி தெரிந்தது. அதற்கு என்னிடம் எந்தக் கோரிக்கையும் இல்லை, மச்சான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. சுபஹு தொழுதுவிட்டு மீராசாவின் கடையில் சக்கரைக்கட்டி கடித்து ஒரு பிளேன்டீ, பிறகு கரை. ஈர மணலில் வெறுங்கால் வைக்கிற குளிர்ச்சி, வலை இழுக்கிற தங்கராசாவின் ஆட்களின் ஏலேலோச் சத்தம், கடலில் ஆலாப் பறவைகள் எந்த இடத்தில் விழுகின்றனவோ அந்த இடத்தில் மீன் இருக்கிறது என்று தங்கராசா சொல்வது, அவன் சொன்னால் அப்படியே இருப்பது, வரும்போது கையில் நாலு சாளை மீன். இதில் எந்த இடத்தில் ஹறாம் இருக்கிறது என்று எனக்குக் காட்டித் தாங்கள் எழுத வேண்டும்.

பிரச்சினை தொடங்கியது தாழைப் பற்றையில். சுபஹுக்குப் பிறகு எங்கள் ஊர் ஆண்கள் பாதிப்பேர் என்ன தேவைக்காக அந்தப் பக்கம் போவார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல, தாங்களும் இளந்தாரி வயதில் போனவர்தான். ஒரு நாள் அவர்கள் எல்லோரும் கூடி மீராசாவைத் தூது அனுப்பினார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "ஓவசியர், கோவிக்கப்படாது. நீங்க அத வெச்சிட்டுத் திரும்பினா எங்களுக்கு வருகுதில்ல." நான் சொன்னேன், "மீராசா, முப்பத்திரண்டு வருஷமா வாய்க்கால் கட்டோரத்தில பாத்தது எனக்குப் போதும். புதுசா ஒண்டும் நீங்க காட்டப் போறதில்ல." ஆனாலும் நான் நியாயமான ஆள். வெயில் ஏறும்வரை கடல் பக்கம் மட்டும் பார்ப்பது என்று ஒத்துக்கொண்டேன். இதை ஊருக்குள் "ஓவசியர் குந்தியிருக்கிறவனைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்" என்று கதை கட்டிவிட்டார்கள். பதுளை வரை அந்தக் கதைதானே வந்தது? நான் ஒத்துக்கொண்ட கதை வந்ததா?

அடுத்தது பக்கத்து வளவு ஆமினா உம்மா. சூறாவளி அடித்து அவட வளவுத் தென்னை எல்லாம் தலையில்லாமல் மொட்டையாக நிற்கிறது. அதில் ஒரு மரத்தின் பொந்தில் பனங்காடை முட்டை வைத்திருந்தது. இறக்கையை விரித்தால் அப்படி ஒரு நீலம், மச்சான், உங்கட கடையில் எந்தச் சீலைக்கட்டிலும் அந்த நீலம் இல்லை. நான் வேலிக்கு மேலால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, கிணற்றடியில் ஆமினா உம்மா தலை முழுகிக்கொண்டு நின்றது என் கண்ணில் படவே இல்லை. வாளியை எறிந்தா. "இந்த மனிசன் இரட்டைக் குழல் வெச்சுப் பாக்கிற அளவுக்கு இந்த வயசில என்னட்ட என்னகா கிடக்கு!" என்று வீதிக்கே கேட்கக் கத்தினா. நான் உண்மையைச் சொன்னேன். "உங்களயில்ல ஆமினா உம்மா, உங்களப் பாக்க எனக்கென்ன விசரா? தென்னையில இருக்கிற பனங்காடையப் பாக்கன்." அதற்குப் பிறகுதான் அவவுக்குக் கோபம் கூடியது. அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு வந்து சுஹறாவிடம் அரை மணித்தியாலம் முறையிட்டா. அன்றையிலிருந்து இரண்டு பேரும் பின்வேலியடியில் குசுகுசு என்று கதைப்பதும் நான் போனால் நிறுத்துவதுமாக இருக்கிறார்கள்.

இனிப் பெருநாள் பிறை விஷயத்துக்கு வருகிறேன். தங்களுக்கு எழுதியவன் எவனோ பாதியைத்தான் எழுதியிருக்கிறான். முழுதையும் கேளுங்கள்.

இருபத்தொன்பதாம் நோன்பு. மாலை அசர் தொழுகைக்குப் பிறகு நான் கரை மேட்டில் போய் இருந்தேன். முந்தியென்றால் அங்கிருந்து மேற்கே பார்த்தால் தென்னந்தோப்பு மட்டும்தான். சூறாவளி எல்லாத்தையும் முறித்துப் போட்டதால் இப்போது கடற்கரையில் இருந்தே வயல்வெளி வானம் வரை தெரிகிறது. பாங்கு சொன்னது, ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பைனாகுலரை எடுத்து மேற்கே பிடித்தேன், பிறை பார்க்கத்தான் பிடித்தேன், அதை மறைக்கவில்லை. பிறை இல்லை. ஆனால் தெற்கே உப்புத் தண்ணீர்க் களப்புப் பக்கம் இருந்து ஒரு வரிசை வந்தது. கழுத்து ஒரு முழம் முன்னால், கால் ஒரு முழம் பின்னால், பொழுதுபட்ட வெளிச்சம் கீழேயிருந்து அடிக்க இறக்கை எல்லாம் ரோசாவும் கறுப்பும். பூநாரை, மச்சான்! எங்கள் கரையில் பூநாரை! எண்ணினேன், பதினேழு. என்னையறியாமல் எழும்பி, இரண்டு கையையும் தூக்கி, "அல்லாஹு அக்பர்!" என்று கத்திவிட்டேன். படைத்தவனின் படைப்பைக் கண்டு படைத்தவனைப் புகழ்ந்தேன். வேறு யாரைப் புகழ்வது?

எனக்குப் பின்னால் வீதியில் மீராசா சைக்கிளில் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இருபத்தொன்பதாம் நோன்பு, மஃரிபு நேரம், மேற்கு வானத்தைப் பார்த்து ஒரு பென்சன்காரர் மக்கத்துக் கண்ணாடியோடு கையைத் தூக்கித் தக்பீர் சொல்கிறார். மீராசா வேறு என்ன நினைப்பான்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சைக்கிளைத் திருப்பிப் பள்ளிக்கு மிதித்திருக்கிறான். நான் மணலிலேயே மஃரிபைத் தொழுதுவிட்டு, பூநாரை போன பக்கத்தை இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு ஆறுதலாக வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் ஒலிபெருக்கியில் பெருநாள் தக்பீர் கேட்டது. அடடா, பிறை கண்டுவிட்டார்களே, நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தும் எனக்குப் படவில்லையே, கண் மங்கிப்போச்சோ என்று எனக்குள்ளே கவலைப்பட்டுக்கொண்டு, வீட்டுக்கு ஓடிவந்து, "சுஹறா, நாளைக்குப் பெருநாளாம், உளுந்தை ஊறப் போடு!" என்றேன். வீதியெல்லாம் சந்தோசம். ஆட்டை அறுக்கிறான் ஒருத்தன், மருதோன்றி அரைக்கிறா ஒருத்தி, மீராசா தன் கடையில் நோன்புக்குக் கட்டியிருந்த சீலை மறைப்பை அவிழ்த்து எறிந்துவிட்டான்.

நானும் புதுச் சாறன் உடுத்திப் பள்ளிக்குப் போனேன். போனால் ஆளாளுக்கு என்னைக் கட்டிப் பிடிக்கிறார்கள். பள்ளி நிருவாகத்துப் பெரிய மரைக்காயர், என்னோடு பத்து வருஷம் வாய்க்கால் வழக்கில் முகம் பாராதவர், அவர்கூட என் முதுகைத் தடவினார். நோன்பு மனிசரை எப்படி மாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் போய் இமாம் ஹஸ்ரத்தின் கையைப் பிடித்து, "ஹஸ்ரத், பிறையைக் கண்ட பாக்கியவான் யாரு? அவர்ர கையையும் ஒருக்காப் பிடிக்கணும்" என்றேன்.

ஹஸ்ரத் என்னைப் பார்த்தார். "நீங்கதானே கண்ட?"

"நானா? நான் காணல்லயே."

மீராசா முன்னால் பாய்ந்தான். "என்ன ஓவசியர் கதைக்கீங்க? ரெண்டு கையையும் தூக்கித் தக்பீர் சொன்னீங்களே, நான் என்ட கண்ணால பாத்தனே!"

"அது பூநாரைக்கு, மீராசா!"

"பூநாரைக்கா?"

"ஓம், பதினேழு பூநாரை!"

மைக்கை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. "பதினேழு பூநாரை" என்ற என் குரல் கூரையில் கட்டிய நாலு ஒலிபெருக்கியிலும் போய், இந்தப் பக்கம் காரைதீவு எல்லை வரை கேட்டதாகத் தங்கராசா அடுத்த நாள் சொன்னான். அவன் ஆட்கள் அது எங்கள் பெருநாள் வசனமாக்கும் என்று நினைத்தார்களாம்.

சரி, அதனால் என்ன குடி முழுகிப் போச்சு? இஷாத் தொழுகைக்குள் பாங்கு சொல்கிற மோதினார் எழும்பி, பிறை தென்படவில்லை, நாளை முப்பதாம் நோன்பு என்று சொல்லிவிட்டார். ஒருவனுடைய நோன்பும் போகவில்லை. அறுத்த ஆட்டை என்ன செய்வது? சமைத்தார்கள். அன்றைக்கு இந்த ஊரே விடியுமுன் இறைச்சிக் கறியும் சோறுமாகச் சஹர் செய்தது. இருபத்தொன்பது நாளும் கருவாட்டுக் குழம்போடு எழும்பினவன் முப்பதாம் நாள் ஏப்பம் விட்டுக்கொண்டு நோன்பு பிடித்தான். அதற்கு என்னிடம் ஒருத்தன் வந்து நன்றி சொன்னானா? இல்லை. பெருநாள் முடிந்ததும் சபை கூட்டி என்னைக் கூப்பிட்டார்கள்.

பெரிய மரைக்காயர் தொண்டையைச் செருமினார். "ஓவசியர், ஊரைக் குழப்பிட்டீங்க. ஜும்ஆவில எழும்பிப் பிழைதான் எண்டு சொல்லுங்க. அந்தச் சாமானையும் பள்ளி அலுமாரியில வெச்சிடுங்க." நான் எழும்பி நின்றேன். "பிறை கண்டன் எண்டு நான் வாயத் திறந்தனா? சாட்சிக்காரனைக் கூப்பிட்டுக் கேக்காம சாட்சி எடுத்தது ஆரு? எங்கட நீர்ப்பாசனக் கந்தோரில ஒரு சின்ன மதகைத் திறக்க ரெண்டு கையெழுத்து வேணும். நீங்க ஒரு சைக்கிளை நம்பிப் பெருநாளையே திறந்து விட்டீங்களே!" அப்படியே சொன்னேன், மச்சான். பதில் இல்லாதவர்கள்தான் தங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

மிச்சம் தங்கச்சி விஷயம். அது ஒன்றுதான் என் நெஞ்சில் குத்துகிறது, மற்றதெல்லாம் தூசு. அவள் வெளியே போகாமல் தலைகுனிந்து கிடக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். நான் லுஹருக்கும் அசருக்கும் பள்ளிக்குப் போய் வரும்போதெல்லாம் அவள் பின்வேலியடியில் தனியாக நின்றுவிட்டு அவசரப்பட்டு உள்ளே வருகிறாள். கண் சிவந்திருக்கிறது. கண்ணைச் சுற்றி வட்டம் விழுந்திருக்கிறது. "ஏன் புள்ள அழுதாய்?" என்று கேட்டால், "தூசி" என்று சொல்லி முகத்தைத் திருப்புகிறாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தி ஒரு தகரப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து ஏறியவன் நான், அன்றையிலிருந்து அவளை நான் அழ வைத்ததில்லை. ஆனாலும் மச்சான், நான் இந்த ஒன்றை விட்டேனென்றால் காலையில் எழும்பி எதைப் பார்ப்பேன்? படலையையா? அவளுக்கு விளங்கும் ஒரு நாள். விளங்காவிட்டாலும் விடமாட்டேன்.

யப்பான்காரனைப் பற்றி ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும், ஜித்தாக் கடைக்காரனை எப்போதாவது கண்டால் கேளுங்கள். நடுவிலே இருக்கிற உருளையை என் கண்ணுக்கு அளவாகத் திருப்பி வைத்துவிட்டுப் போவேன். பள்ளியால் வந்து பார்த்தால் எல்லாம் புகை மாதிரித் தெரியும், உருளை தானாகவே திரும்பியிருக்கும். உப்புக் காற்றின் வேலை என்று நினைக்கிறேன். தேங்காயெண்ணெய் போட்டும் சரிவரவில்லை.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். பளீல் வந்தால் தேத்தண்ணி கொடுப்பேன், பைனாகுலர் கொடுக்க மாட்டேன். பள்ளிக்குத் தொழப் போவேன், மன்னிப்புக்குப் போக மாட்டேன். கடற்கரைக்கு என் மௌத்து வரைக்கும் போவேன், அதற்குப் பிறகும் மையவாடி கடற்கரைப் பக்கம்தான் இருக்கிறது. ஹாஜியாராக இருந்தாலும், மூத்த மச்சானாக இருந்தாலும், மரைக்காயர்மார் அத்தனை பேரும் திரண்டு வந்தாலும், இந்த வீட்டிலிருந்து அந்தக் கறுத்த பெட்டி வெளியே போகாது. இது முத்தலிப்பின் சொல்.

மச்சிக்கும் மக்களுக்கும் எங்கள் ஸலாம். தங்கள் கடையில் பறக்கத்தும் தங்கள் மனதில் கொஞ்சம் இரக்கமும் உண்டாக எல்லாம் வல்லவன் அருள்வானாக.

இங்ஙனம்,
தங்கள் தங்கச்சி புருஷன்,
அ.லெ. முத்தலிப்
(ஓய்வுபெற்ற நீர்ப்பாசன ஓவசியர்)

பி.கு: வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு எழுதுகிறேன். உறை ஒட்டி முடிந்ததால் இதைத் தனித்தாளில் எழுதி, ஒட்டினதைப் பிரித்துத் திரும்ப ஒட்டுகிறேன்.

காலையில் பளீல் லொறியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தரமாட்டேன் என்று சொல்லிக் காட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தேன். பெட்டி காலி. சுஹறாவும் வீட்டில் இல்லை. பளீலையும் கூட்டிக்கொண்டு கரைக்கு ஓடினால், அந்தக் கரைவலைத் தோணியடியில், நான் குந்துகிற அதே இடத்தில், முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டுத் தங்கள் தங்கச்சி இருக்கிறா. பக்கத்தில் ஆமினா உம்மா. "சத்தம் போடாதீங்க, எழும்பிப் போயிரும்" என்று எனக்குத்தான் சொல்கிறா. நோன்பு தொடங்கினதிலிருந்து நான் பள்ளிக்குப் போகிற நேரமெல்லாம் பார்த்திருக்கிறாவாம். கண்ணைச் சுற்றி விழுந்த வட்டம் எதனால் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. உருளையைத் திருப்பினதும் உப்புக் காற்றில்லை.

"உன்ட காக்கா பதுளையிலருந்து கேட்டு எழுதியிருக்காரு, நான் குடுக்க மாட்டன் எண்டு எழுதிட்டன்" என்றேன் பெருமையாக. அவ கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னா, "குடுக்கவும் மாட்டன் எண்டவும் நீங்க ஆரு? ஊடு என்ட சீதன ஊடு. காக்கா மக்கத்தால அனுப்பினது ஊட்டுக்கு. அப்ப சாமானும் என்ட." சீதன வீடு பெண்ணுக்குத்தான் என்பது ஊர் வழமைதானே, மச்சான். முப்பத்தைந்து வருஷமாக நான் அந்த வீட்டில் விருந்தாளி என்பதை அறுபது வயதில்தான் ஒரு ஆள் எனக்கு ஞாபகப்படுத்தினா. "ஜும்ஆவில எழும்பிப் பிழைதான் எண்டு சொல்லிட்டு வாங்க. மறுகா பாக்கத் தாறன். மைக்கில சொல்லுங்க, எனக்கு ஊட்டில கேக்கணும்."

சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வரும்போது ஹஸ்ரத் என் காதுக்குள், "அந்தப் பூநாரை எத்தினை மணிக்கு வாற?" என்று கேட்டார்.

பளீல் வெறுங்கையோடு வருகிறான் என்று கோபிக்க வேண்டாம். அவன் தன் முறைக்காகத் தோணியடியில் காத்து நின்றதால்தான் லொறி பிந்தியது. எனக்கு இப்போது ஒரு நாளைக்கு, அசருக்குப் பிறகு, கால் மணித்தியாலம் தருகிறா. இன்றைக்கு அந்தக் கால் மணித்தியாலத்தில் பூநாரை ஒன்றும் வரவில்லை. ஆகவே மச்சான், தாங்கள் மூத்த காக்கா, தங்கள் சொல்லுக்கு அவ கட்டுப்படுவா. எனக்குப் போட்ட அதட்டலில் பாதியை அவவுக்குப் போட்டு, அதை அரை மணித்தியாலமாக்கித் தரச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். நான் கேட்டதாக மட்டும் எழுத வேண்டாம்.